புள்ளி தெரியாத திரை: வடகடல் படகொன்றில் சிறுத்துப்போன கருவிகள்

படகும் அதிலிருந்த சாமானும்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், தொழில் பார்க்கும் 28 அடி ஃபைபர் நாட்டுப்படகு ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். வெளியே மாட்டிய எஞ்சின், நண்டு வலை, ஆள் நான்கு. எஞ்சின் பிடிக்கிறவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நிற்பது அவருடைய அக்கா மகன், வயது இருபத்திரண்டு. கூரை கிடையாது, கூண்டு கிடையாது. வாடைக்காற்று ஏறினால் ஆழம் குறைந்த இந்தக் கடலில் அலை குட்டையாகவும் நெருக்கமாகவும் அடிக்கும். தெறிக்கும் தண்ணீர் ஆளையும் விடாது, பெட்டியையும் விடாது. இது யாரோ ஒருவருடைய படகின் கதையல்ல. இந்தக் கரையில் பரவலாக இருக்கும் அமைப்பை வைத்துக் கட்டிய மாதிரி. பழுதுகள் மட்டும் கற்பனை அல்ல. கரையோர ஊர்களின் மொபைல் கடை மேசைகளில் எல்லாப் பருவத்திலும் வந்து கிடப்பவைதான் அவை.

முன்பு இந்தப் படகில் இருந்தவை: இரண்டு ஏ.ஏ. பென்சில் பேட்டரியில் ஓடும் கையடக்க ஜி.பி.எஸ்., டார்ச் வைத்த பட்டன் போன், தலையில் கட்டும் விளக்கு, ஒரு திசைகாட்டி, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு நோட்டு. இப்போது இருப்பது ஒரு ஸ்மார்ட்போன், ஒரு பவர் பேங்க், மருமகன் காதில் ஒரு ஜோடி கம்பியில்லா இயர்பட்ஸ். ஐந்து சாமான் பார்த்த வேலையை ஒன்று பார்க்கிறது. அந்த ஒன்று கெட்டால் ஐந்தும் கெட்டுவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த குறை. நாங்கள் பார்க்க வந்தது அதற்கு முந்தைய நிலையை: பழுது ஒன்றும் இல்லாத நாளிலேயே இந்தக் கருவி கண்ணுக்கும் கைக்கும் எட்டாமல் போவது ஏன்?

உடம்பு பெருத்தது, மூட்டுகள் சிறுத்தன

1983இல் வந்த மோட்டோரோலா டைனாடாக் போன் ஏறக்குறைய 800 கிராம். இருபது ஆண்டு கழித்து 2003இல் வந்த நோக்கியா 1100 வெறும் 86 கிராம். அதன் பொத்தான்கள் எல்லாம் ஒரே ரப்பர் விரிப்பு, இடையில் தூசி புக வழியில்லை. பக்கவாட்டில் வழுக்காத பிடி, உச்சியில் டார்ச். தூசிக்கும் வியர்வைக்கும் நடுவே வேலை செய்கிறவர்களை மனதில் வைத்துச் செய்த போன் அது என்பது எடுத்துப் பிடித்தாலே தெரியும். அதற்குள் போடும் பி.எல்.5சி பேட்டரியை நகத்தால் கழற்றி மாற்றலாம். இன்றைக்கும் சிறிய ரேடியோக்களில் அதே பேட்டரி ஓடுகிறது.

அதற்குப் பிறகு போனின் உடம்பு சிறுக்கவில்லை, திரைக்காகப் பெருத்தது. சிறுத்ததெல்லாம் மூட்டுகள்தான். சிம் அட்டை 25 × 15 மில்லிமீட்டரிலிருந்து 15 × 12 ஆகி, இப்போது 12.3 × 8.8 மில்லிமீட்டரில் நிற்கிறது, கனம் 0.67. சார்ஜிங் துளையில் 5 முனை இருந்த இடத்தில் டைப் சி-யில் 24 முனை, ஒன்றுக்கொன்று 0.5 மில்லிமீட்டர் தள்ளி. உள்ளே போர்டில் இருக்கும் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் துகள்கள் 0.6 × 0.3 மில்லிமீட்டர், இன்னும் நெருக்கமான போர்டுகளில் 0.4 × 0.2. வாங்குகிறவர் கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது இவை கண்ணில் படாது. திரை பெரிது, போன் மெலிது என்று மட்டும்தான் தெரியும். ஆனால் உப்பு நேராகப் போய்ப் பிடிப்பது இந்த மூட்டுகளைத்தான். விரலும் கண்ணும் தடுமாறுவதும் இங்கேதான்.

கடலில் இருக்கும்போது சிம் மாற்றுவதை அடியோடு நிறுத்திவிட வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். ஊசியால் குத்தித் தட்டை வெளியே இழுக்கும் வேலை ஆடும் படகில் நடக்காது. சிம் படகின் அடித்தண்ணீரில் விழுந்தால் தேட முடியாது. அந்தத் தட்டைச் சுற்றியிருக்கும் மெல்லிய ரப்பர் வளையம் ஒரு மணல் துகளால் விலகினால் போதும், போனின் நீர்க்காப்பு போயிற்று.

நாற்பது பதினைந்தா, நாற்பது புள்ளி ஒன்று ஐந்தா

இந்த ஆய்வில் எங்களை அதிகம் உறுத்தியது ஒரு புள்ளி.

மருமகன் போனைப் பார்த்து இடம் சொல்கிறான்: “மாமா, ஒம்போது டிகிரி, நாப்பது பதினஞ்சு.” பின்னால் எஞ்சின் சத்தத்தில் மாமா அதை 40 நிமிடம் 15 விநாடி என்று எடுத்துக்கொள்கிறார். பழகிய பழைய கருவி அப்படித்தான் காட்டியது. திரையில் இருந்ததோ 40.15 நிமிடம். 15 விநாடி என்றால் 0.25 நிமிடம். வித்தியாசம் 0.10 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். ஆகவே 185 மீட்டர் தவறிவிட்டது. இதுவே 12.50 என்பதை 12 நிமிடம் 50 விநாடி என்று எடுத்தால் தவறுவது 617 மீட்டர். இருட்டோடு போய் முந்தின நாள் விட்ட நண்டு வலையின் கொடியைத் தேடுகிறவருக்கு 617 மீட்டர் என்பது ஒரு மணி நேர எண்ணெய்.

அளவு முறையே மாறிவிட்டால் கதை வேறு. டிகிரியையும் நிமிடத்தையும் பிரிக்காமல் தசமமாக மட்டும் வாங்கும் செயலியில் 9° 40.15′ என்பதை 9.4015 என்று தட்டினால், கருவி அதை 9° 24.09′ என்று புரிந்துகொள்ளும். அது 16 கடல் மைல் தெற்கே, கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடம். 9.40 என்று தொடங்குவதால் பார்ப்பவருக்குச் சந்தேகமும் வராது.

9° 40.15′ என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. 1974ஆம் ஆண்டு இந்திய-இலங்கை உடன்பாட்டில் பாக் நீரிணைக்கு வகுத்த எல்லைப் புள்ளிகளில் ஒன்று 9° 40.15′ வடக்கு, 79° 22.60′ கிழக்கு. உடன்பாடே நிமிடத்தைத் தசமமாகத்தான் எழுதியிருக்கிறது. எல்லை இந்தப் பக்கத்தில் நெருக்கமாக ஓடுகிறது. தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையே மொத்தமே 30 கிலோமீட்டர் அளவுதான், கோடு அதற்கு நடுவில். எல்லை தாண்டினால் படகும் போகும், ஆளும் மாதக்கணக்கில் சிறையில் கிடக்க நேரும். அப்படியொரு இடத்தில் 185 மீட்டரைத் தீர்மானிப்பது திரையில் இருக்கும் ஒரு புள்ளி.

அந்தப் புள்ளி எவ்வளவு பெரிது? 6.5 அங்குலத்தில் 720 × 1600 பிக்சல் உள்ள சாதாரண போனில் ஒரு பிக்சல் 0.094 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் உயரத்தில் எண்கள் வந்தால் தசமப் புள்ளிக்குக் கிடைப்பது மூன்று பிக்சல், 0.3 மில்லிமீட்டருக்கும் குறைவு. குறையில்லாத கண் 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிரித்துப் பார்க்கக்கூடியது சுமார் 0.17 மில்லிமீட்டர். கணக்குப்படி தெரிய வேண்டும். ஆனால் மாமாவுக்கு வெள்ளெழுத்து. உப்புத் தண்ணீர் தெறித்துக்கொண்டே இருப்பதால் கடலில் படிக்கும் கண்ணாடி போடுவதில்லை. திரையின் மேல் காய்ந்த உப்புப் படலம், அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை, உறைமேல் துளிகள், கீழே ஆட்டம். இத்தனைக்கும் நடுவில் மூன்று பிக்சல் நிற்காது. நிலையாக உட்கார்ந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் படிக்கவே எழுத்துயரம் குறைந்தது 3.5 மில்லிமீட்டர் வேண்டும். இந்தப் படகில் அதற்கு இரண்டு மடங்கு, 7 மில்லிமீட்டர், என்று வைத்துக்கொள்வதுதான் சரி. பள்ளிக்கூட ஸ்கேலைத் திரைமேல் வைத்து அளந்தால் தெரிந்துவிடும்.

தமிழில் வரும் செயலிகளுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. நம் எழுத்தில் சுழியும் கொம்பும் அதிகம். ஆங்கில எழுத்து தாங்கும் சிறிய அளவை நம் எழுத்து தாங்காது. ன-வும் ண-வும் ஒன்றாகும். மெய்யெழுத்தின் தலைப்புள்ளி முதலில் காணாமல் போகும். குறித்து வைத்த இடத்துக்கு “பார்” (கடலடிப் பாறைத்திட்டு) என்று பெயர் வைத்தால் திரையில் “பார” என்றே தெரியும். இடப்பெயர்களைச் சேமிக்கும்போது எழுத்துக்குப் பதிலாக எண் கொடுத்து (11, 12, 13), எந்த எண் எந்த இடம் என்று நோட்டில் எழுதிக்கொள்வது நல்லது. எண்கள் பெரிதாக நிற்கும்.

தீர்வு கருவியை மாற்றுவதில் தொடங்க வேண்டியதில்லை. முதலில் படகில் உள்ள எல்லாக் கருவியிலும் ஒரே வடிவம்: டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம். போன், ஜி.பி.எஸ்., வி.எச்.எஃப். ரேடியோ என்று இருப்பவற்றையெல்லாம் கரையில் ஒரே இடத்தில் வைத்து எண்களை ஒப்பிட வேண்டும். நில அளவு அடிப்படை எல்லாவற்றிலும் ஜி.பி.எஸ்.ஸின் பொது அளவான டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். இரண்டாவது, போன் அமைப்பில் எழுத்தளவு, காட்சியளவு இரண்டையும் உச்சத்துக்கு ஏற்றுவது. எழுத்தை மட்டும் ஏற்றினால் பல செயலிகளில் வரைபடத்தின் மேல் வரும் எண்கள் மாறாமல் அப்படியே நிற்கும். மூன்றாவது, வாய்ச்சொல். ஒவ்வொரு இலக்கமாக, “புள்ளி”யோடு: “ஒம்போது. நாலு சுழியம் புள்ளி ஒண்ணு அஞ்சு.” கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். செலவே இல்லாத திருத்தம் இது, பலனும் இதில்தான் அதிகம்.

வெயிலில் இருண்டு போவது

உச்சிவெயிலில் திரை தெரியாதது வெளிச்சக் குறைவால் மட்டும் அல்ல. உறைக்குள் போட்டு வெயிலில் வைத்த போன் சூடேறும். சூடு ஏறினால் போன் தன்னைக் காத்துக்கொள்ளத் திரை வெளிச்சத்தைத் தானே இறக்கும், பேட்டரி 45 டிகிரியைத் தாண்டினால் சார்ஜ் ஏறுவதையும் நிறுத்தும். ஆக, வெளிச்சம் அதிகம் வேண்டிய நேரத்தில்தான் திரை மங்கும். பழைய கையடக்க ஜி.பி.எஸ்.ஸின் திரை வேறு வகை. விழும் வெயிலையே திருப்பி அனுப்பிக் காட்டும். வெயில் ஏற ஏறத் தெளியும். அதன் திரை 2.2 அங்குலம்தான், ஆனால் மதியம் ஒரு மணிக்கு 6.5 அங்குலத் திரையைவிடப் பெரிதாகப் படிக்கத் தெரிவது அதுதான். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டவருக்குப் போன் திரை ஒரு கோணத்தில் முழுக் கறுப்பாகிவிடும். போன் கெட்டுவிட்டது என்று பதறாமல் கால் திருப்பு திருப்பிப் பார்க்கலாம்.

ஈர விரல்

போன் திரை விரலை அறிவது அதன் மின்னேற்றத்தைக் கொண்டு. கடல்நீர் லிட்டருக்கு 35 கிராம் அளவு உப்புள்ளது, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். திரையில் விழும் ஒவ்வொரு துளியும் போனுக்கு ஒரு விரல்தான். அதனால்தான் வரைபடம் தானே பெரிதாகிறது, தானே நகர்கிறது, சில சமயம் யாருக்கோ அழைப்பும் போய்விடுகிறது. நண்டு கழித்து, வலை இழுத்துத் தோல் தடித்த விரலை அது சில சமயம் விரலாகவே ஏற்காது.

தொடும் பொத்தான் 7 முதல் 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது போன் மென்பொருள் செய்கிறவர்களே வைத்திருக்கும் அளவு. அது உலர்ந்த கைக்கு, ஆடாத இடத்துக்கு. இந்தப் படகில் அடிக்கடி தேவைப்படும் இரண்டு வேலைக்கு, “இந்த இடத்தைக் குறி”, “குறித்த இடத்துக்கு வழி காட்டு” என்ற இரண்டுக்கு, கட்டை விரல் அளவில் முகப்புத் திரையிலேயே குறுக்குவழி வைத்துவிட வேண்டும். மூன்று தட்டு தட்டி உள்ளே போக வேண்டிய எதுவும் கடலில் இல்லாததற்குச் சமம்.

இங்கே பழைய ஜி.பி.எஸ்.ஸுக்குத்தான் எங்கள் வாக்கு. அதில் பொத்தான் அமுங்குவது விரலுக்குத் தெரியும். கண்ணை அலையில் வைத்துக்கொண்டே இடத்தைக் குறிக்கலாம். கையுறை போட்டிருந்தாலும் அமுங்கும். பொத்தான் என்பது வெறும் பழைய பழக்கம் என்று நினைக்கிறவர்கள் ஒரு முறை கச்சான் காற்றில் வலை இழுக்கும் ஆளைப் பார்க்க வேண்டும்.

போனையே நம்ப வேண்டியிருந்தால் ஒரு லிட்டர் குடிதண்ணீர் பாட்டிலும் ஒரு பருத்தித் துண்டும் மூடிய டப்பாவில் தனியாக இருக்கட்டும். கையை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகே தொட வேண்டும். துண்டு ஒரு முறை உப்பில் நனைந்துவிட்டால் அது திரையைத் துடைக்காது, உப்பைத் தேய்த்துவிடும்.

துளைக்குள்ளே

பழுதாகி வரும் போன்களில் டைப் சி துளையைப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பாருங்கள். நடுவில் 0.7 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு நாக்கு. அதன் மேலும் கீழும் பன்னிரண்டு பன்னிரண்டாகத் தங்க முலாம் பூசிய கோடுகள். பெரும்பாலான கோடுகள் பளிச்சென்று இருக்கும். நான்காவது, ஒன்பதாவது கோடுகளும் அவற்றை ஒட்டிய கோடுகளும் மட்டும் பச்சை பூத்திருக்கும். கொஞ்சம் முற்றியிருந்தால் கோடே இருக்காது, கறுத்த பள்ளம்தான் இருக்கும்.

அந்த நான்காவதும் ஒன்பதாவதும்தான் சார்ஜர் அனுப்பும் மின்சாரம் வரும் முனைகள். ஒட்டியிருப்பவை செருகலை உணரும் முனையும் துணை முனையும். துளைக்குள் உப்புநீர் இருக்கும்போது சார்ஜரைச் செருகினால் 5 வோல்ட் முனைக்கும் பக்கத்து முனைக்கும் நடுவே உப்புநீர் வழியாக மின்னோட்டம் போகும். நேர்மின் பக்கத்து உலோகம் கரையும். முலாம் பூசும் கடைக்காரர் தொட்டியில் செய்யும் அதே வேலை, தலைகீழாக. விரைவு சார்ஜரில் 9 வோல்ட் வந்தால் இன்னும் வேகம். சார்ஜர் செருகாமல் இருந்தால் அங்கே ஏறக்குறைய மின்சாரமே இல்லை. அரிப்பும் மெதுவாகத்தான் நடக்கும். ஆகவே துளையைக் கொல்வது கடல்நீர் மட்டும் அல்ல, ஈரத்தோடு செருகிய பவர் பேங்க். “ஈரம் உள்ளது” என்று போன் காட்டும் எச்சரிக்கையைத் தள்ளிவிட்டுச் செருகுவதுதான் இந்தக் கரையில் மிக அதிகம் நடக்கும் தப்பு. பழைய போனில் முனைகளுக்கு இடையே தூரம் இருந்தது, ஒரு பொழுது தாங்கியது. 0.5 மில்லிமீட்டரில் ஒரு துளி போதும்.

நீர்க்காப்பைக் குறிக்கும் ஐ.பி. 67, ஐ.பி. 68 முத்திரையை நம்பிக் கடலில் இறக்குவதும் இதோடு சேர்ந்தது. ஐ.பி. 67 என்றால் 1 மீட்டர் ஆழம், 30 நிமிடம், நல்ல தண்ணீர். உப்புநீருக்கு அது பேசவே இல்லை. மேலும் அந்தக் காப்பு பெரும்பாலும் ஒரு பசை நாடாதான். பேட்டரியோ டிஸ்பிளேயோ மாற்ற ஒரு முறை திறந்தால், புது நாடா ஒட்டி அழுத்தி மூடாதவரை முத்திரைக்கு மதிப்பில்லை.

போன் கடலில் விழுந்து எடுத்துவிட்டால் செய்ய வேண்டியது: உடனே அணைக்க வேண்டும். சார்ஜர், இயர்போன் எதையும் செருகக் கூடாது. உறை, சிம் தட்டு கழற்றி, குடிதண்ணீரில் மூழ்கவைத்து மெதுவாக ஆட்டி, தண்ணீரை மாற்றி மூன்று முறை அலச வேண்டும். நனைந்த போனை மறுபடி நனைப்பதா என்று மனம் ஒப்பாது. ஆனால் உள்ளே போன உப்பு காய்ந்துவிட்டால் காற்றின் ஈரத்தை இழுத்து இழுத்து மாதக்கணக்கில் அரிக்கும். அலசினால்தான் அது வெளியே வரும். ராமநாதபுரத்துப் பல ஊர்களின் போர் தண்ணீரே உவர்ப்பு. அதில் அலசிப் பயனில்லை, கேன் தண்ணீர் எடுங்கள். அலசியபின் துளை கீழ்நோக்க வைத்து உதறி, நிழலில் மின்விசிறிக் காற்றில் வைத்து, அன்றே கடைக்குக் கொண்டுபோக வேண்டும். அரிசியில் புதைப்பதால் உப்பு போகாது, மாவுத்தூள் துளைக்குள் போய் அடையும். வெயிலில் காய வைத்தால் பேட்டரி உப்பும்.

கடைக்காரர் போர்டைக் கழற்றி, உலோக மூடிகளை எடுத்து, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷ் கொண்டு தேய்க்க வேண்டும். தின்னர் போட்டால் பிளாஸ்டிக் கெடும், பசை இளகும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வந்த போர்டுக்கும் மூன்று நாள் அரிசியில் இருந்து வந்த போர்டுக்கும் லென்ஸில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பின்னதில் 0.6 மில்லிமீட்டர் துகள்களின் காலடியில் பச்சை படர்ந்திருக்கும். துகளை எடுத்தால் அடித்தளமும் சேர்ந்து வந்துவிடும்.

போன் வாங்கும் முன் கடையில் கேட்க வேண்டிய கேள்வி: சார்ஜிங் ஜாக் தனிச் சப் போர்டில் இருக்கிறதா, மெயின் போர்டிலேயே பற்றவைத்திருக்கிறதா? சப் போர்டு என்றால் திருகு கழற்றி மாற்றும் வேலை. மெயின் போர்டு என்றால் ஹீட் கன் வேலை, பக்கத்தில் இருப்பதெல்லாம் சூடு வாங்கும். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதைவிட இந்தக் கரைக்கு இது முக்கியம்.

இயர்பட்ஸ் பற்றி இரண்டு வரி போதும். ஒன்று 4, 5 கிராம். விழுந்தால் சத்தம்கூடக் கேட்காது. சார்ஜ் ஏறும் பொட்டு முனைகள் வியர்வை உப்பிலேயே கறுத்துவிடும். எஞ்சின் தடுமாறும் சத்தத்தையும் பக்கத்துப் படகின் கூப்பாட்டையும் அடைக்கும் எதையும் கடலில் காதில் வைக்கக் கூடாது.

சிறுக்க மறுப்பவை

சில பொருள்களை எவ்வளவு விரும்பினாலும் சிறுக்க வைக்க முடியாது. ஆன்டெனா அதில் முதலாவது. கடல் வி.எச்.எஃப். ரேடியோவின் 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் 1.91 மீட்டர். கால் அலை ஆன்டெனா என்றாலே 48 சென்டிமீட்டர் வேண்டும். கைக்கருவியில் இருக்கும் குட்டை ரப்பர் கம்பி கம்பிச்சுருளை உள்ளே வைத்துச் சமாளிப்பது. அனுப்பும் சக்தியில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். கைக்கருவிக்கு 5 வாட், பொருத்தி வைக்கும் கருவிக்கு 25 வாட் என்ற வித்தியாசத்தைவிடப் பெரிது உயரம். கடல்மட்டத்திலிருந்து 2 மீட்டரில் பிடித்த இரண்டு கைக்கருவிகள் ஒன்றையொன்று எட்டுவது கணக்குப்படி சுமார் 12 கிலோமீட்டர். ஒருவர் மட்டும் 4 மீட்டர் கம்பத்தில் ஏற்றினால் 14. கரையில் 30 மீட்டர் கோபுரம் இருந்தால் 28. நாட்டுப்படகில் ஒரு மூங்கிலை நட்டு ஆன்டெனாவை உயர்த்துவது, விலை கூடிய குட்டிக் கருவி வாங்குவதைவிட நல்ல முதலீடு.

ஜி.பி.எஸ்.ஸிலும் இதே கதைதான். தனிக்கருவியில் வானத்தைப் பார்த்திருக்கும் தனி ஆன்டெனா உண்டு. போனில் ஓரத்தில் ஒட்டிய சிறு உலோகப் பட்டை, அதையும் பிடித்திருக்கும் கை மறைக்கும். கரையில் போன் சட்டென்று இடம் காட்டுவது இணையத்திலிருந்து செயற்கைக்கோள் விவரம் வாங்கிக்கொள்வதால். கடலில் சிக்னல் இல்லையென்றால் அந்த விவரத்தை வானிலிருந்து நேரே இறக்க வேண்டும். ஒரு செயற்கைக்கோளுக்கு 30 விநாடி தடையில்லாமல் கேட்டாக வேண்டும்; முழு அட்டவணைக்கு 12.5 நிமிடம். அதனால் கரையில் சிக்னல் இருக்கும்போதே இருப்பிடத்தை இயக்கி, வரைபடத்தைத் தரவிறக்கி வைத்துப் புறப்பட வேண்டும். சிக்னல் போனதும் விமானப் பயன்முறையில் போட்டுவிடலாம். ஜி.பி.எஸ். அதிலும் வேலை செய்யும். தனுஷ்கோடிப் பக்கம் இலங்கைக் கோபுரங்களின் அலை வந்து போனைக் குழப்பும். இங்கும் அங்கும் தேடித் தேடியே பேட்டரி இறங்கும். விமானப் பயன்முறை அதற்கும் மருந்து.

ஹைதராபாத்தின் கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து 2019இல் கொண்டுவந்த ஜெமினி கருவியை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ககன் செயற்கைக்கோள்கள் வழியே புயல் எச்சரிக்கையையும் மீன் கிடைக்கும் இட விவரத்தையும் கரைச் சிக்னல் இல்லாத இடத்திலும் வாங்கி, புளூடூத்தில் போனுக்குத் தரும் பெட்டி அது. வாங்கும் பகுதியைத் தனியே பெரிதாக வைத்தது சரியான முடிவு. ஆனால் செய்தியைப் படிக்க அதே போன் திரைக்குத்தான் வர வேண்டும். போன் அணைந்தால் எச்சரிக்கை பெட்டிக்குள்ளேயே கிடக்கும். நம்மிடமிருந்து எதையும் அனுப்பவும் அதால் முடியாது. பெட்டியிலேயே ஒரு சிவப்பு விளக்கும் உரத்த ஒலியும் பெரிதாக இருந்தால் நாட்டுப்படகுக்கு அது போதும் என்பது எங்கள் கருத்து.

மாற்றி அடுக்கியது

மாதிரிப் படகுக்கு நாங்கள் சொல்லும் அடுக்கு இது. போன் இருக்கட்டும், ஆனால் முதல் கருவியாக அல்ல. எஞ்சின் பிடிக்கிறவர் முன்னால், கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டரில், பொத்தான் வைத்த கையடக்க ஜி.பி.எஸ். ஒரு பிடியில் மாட்டியிருக்கும். மிதக்கும் வகை கிடைத்தால் அதுவே வேண்டும். மிதக்காததற்கு ஒரு மீட்டர் கயிறும், வலையில் கட்டும் சிறு மிதவை ஒன்றும். போன் தட்டையான ரப்பர் வளைய டப்பாவில், நிழலில், எஞ்சினுக்கு எதிர்ப்பக்கம். பவர் பேங்க் வேறு டப்பாவில். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஈரத்தில் செருகும் ஆசை வரும். ஒரு முழுச் சார்ஜ், விமானப் பயன்முறை, திரை தேவைக்கு மட்டும் என்றால் ஒரு நாள் தொழிலுக்கு நல்ல பேட்டரி தாங்கும்.

ஏ.ஏ. பேட்டரி பாம்பன் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பது அந்தக் கருவிக்கு ஆயுள். ஆனால் மலிவான சாதா பேட்டரி போட்டால் அரை நாளில் கண் மூடும், அல்கலைன் போட வேண்டும். ரீசார்ஜ் வகை 1.2 வோல்ட்தான், கருவியின் அமைப்பில் பேட்டரி வகையை மாற்றிச் சொல்லாவிட்டால் நிறைய இருக்கும்போதே “தீர்ந்தது” என்று காட்டும். மாற்று நான்கு பேட்டரி, திருகுமூடி பாட்டிலுக்குள், இரண்டு இரண்டாக ரப்பர் போட்டு.

தொழிலுக்குப் போகாத நாள்கள் நீண்டால், விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை, நாட்டுப்படகுக்குக் காற்று மிஞ்சிய வாரங்கள், பேட்டரியைக் கழற்றி வைக்க வேண்டும். அல்கலைன் பேட்டரி கசிந்து ஸ்பிரிங் மீது வெள்ளைப் பொடி பூக்கும். அது காரம். பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் நுரைத்து அடங்கும். பிறகு நல்ல தண்ணீர் தொட்ட பஞ்சு, பிறகு ஆல்கஹால், பிறகு உலர விடுவது. போனை 50 சதவீதச் சார்ஜில் அணைத்து வைக்கலாம்; முழுதாகவோ காலியாகவோ வைத்தால் பேட்டரி உப்பும், வலுவிழக்கும்.

கடைசியாக, கருவி இல்லாத ஒரு கருவி. எஞ்சினுக்கு முன்னால், ஃபைபரின் உள்பக்கச் சுவரில், ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, அதன்மேல் கறுப்புப் பெயின்டில் நான்கு வரி. இரண்டு எல்லைப் புள்ளிகள், வீட்டுத்துறை, அடைக்கலம் புகும் துறை. எண் ஒவ்வொன்றும் 5 சென்டிமீட்டர் உயரம், நடுவில் இருக்கும் தசமப் புள்ளி மட்டும் சிவப்பில், ஒரு ரூபாய் நாணயத்தில் பாதி அளவு.